மூன்றாவது தடவை

பன்னித்திட்டு,
21-1-1974

அன்பு மகளுக்கு,

உன் கார்டு கிடைத்தது. இங்கே மார்கழி முழுக்க வாடைக்காற்று ஓயவில்லை. முகத்துவாரத்துக்கு எதிரே இருக்கும் மணல்திட்டை அலை பாதி தின்றுவிட்டது. யாரும் கடலில் கட்டுமரம் தள்ளவில்லை.

அந்த மணல்திட்டிலிருந்து தினமும் ஏதோ சத்தம் வருகிறது. பக்கத்து வீட்டு அம்சவள்ளியிடம் சொன்னேன். "காத்துதான் அண்ணி, சவுக்குத்தோப்புல பூந்து வருது" என்றாள். அப்படியே வைத்துக்கொண்டேன்.

சின்னதில் உனக்குச் சொல்லித்தந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று குரல் கொடுக்காதே, காத்துக்கருப்பு இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனுஷர் என்று.

கார்த்திகையில் உன் அப்பாவின் மரம் திட்டில் மோதி உடைந்த அன்று நான் பாகூர் சந்தையில் இருந்ததாகக் காரியத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். இல்லை. கரையில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தேன். மழை மூட்டத்தில் திட்டு தெரியவில்லை. அங்கிருந்து என் பேர் கேட்டது. இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்காக நின்றேன். வரவில்லை.

பேத்திக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லித்தராதே.

இன்று மதியம் காற்று அடியோடு நின்றுவிட்டது. சவுக்கு ஆடவில்லை. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடக்கிறது. ஆனாலும் என் பேர் கேட்டது. இந்தத் தடவை இரண்டோடு நிற்கவில்லை.

இதைத் தபாலில் போடச் சொல்லி அம்சவள்ளியிடம் கொடுத்துவிட்டு, கரைக்குப் போய் ஏன் என்று குரல் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அம்மா