முசல்லம் அர்பாபுக்கு ஒரு பழைய ரிவால்வர்

9-6-2006
இன்று ஏழு திஷ்தாஷா வெட்டினேன். சலாலாவில் அரபிகளின் இந்த நீள அங்கியை வெட்டி வெட்டியே இருபத்தாறு வருடம் போய்விட்டது. ரசீதில் பெயர்களை நானே எழுதினேன். போன வருடம்வரை பெயருக்குப் பதில் படம்தான் போடுவேன். மீசைக்காரர், ஒட்டகக்காரர், இருமல்காரர். மகள் ஷாஜினி ஆஸ்பத்திரி டியூட்டி இல்லாத நாட்களில் அடுக்களை மேசையில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது இருமல்காரருக்கு மஹாத் என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியும். அவருடைய இருமல் குறையவில்லை.

12-6-2006
எழுதவேண்டிய விஷயம் ஒன்று வந்துவிட்டது.

பாஸ்போர்ட்டில் எனக்கு செப்டம்பரில் அறுபது முடிகிறது. அசலில் அறுபத்துநாலு. அந்தக் காலத்தில் ஏஜென்ட் நாலு வயதைக் குறைத்துப் போட்டான், அதற்கும் காசு வாங்கினான். அறுபது தாண்டினவனுக்கு வீசா புதுப்பிக்க வேண்டுமென்றால் கஃபீல், அதாவது நமக்குப் பொறுப்பேற்கும் இந்த நாட்டுக்காரர், நேரில் லேபர் ஆபீசுக்குப் போய் ‘இந்த ஆள் எனக்கு வேண்டும்’ என்று சொல்ல வேண்டுமாம். என் கஃபீல் முசல்லம் அர்பாப். அர்பாப் என்றால் முதலாளி. தையல் கடை அவர் பெயரில். தைப்பது நான், மாதம் பிறந்தால் பங்கு அவருக்கு. இத்தனை வருடத்தில் அவர் எனக்காக நடந்த தூரம் காரிலிருந்து கடை வாசல்வரை.

ஷாஜினிக்குச் சந்தோஷம். “நல்லதாப் போச்சுப்பா. ஊருக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. நான் மாசாமாசம் அனுப்புகேன்” என்றாள்.

ரெஸ்ட்! போன லீவில் குளச்சலில் பார்த்தேனே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டிவியில் சீரியல், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒரு மாத்திரை. என் கூட்டாளிகள் பாதிப்பேர் ரெஸ்ட் எடுத்தே செத்தார்கள். என் மனைவி மேரி போனபிறகு அங்கே எனக்கு இருப்பது ஒரு பூட்டும் சாவியும்தான். இங்கே கத்தரிக்கோல் இருக்கிறது. போகமாட்டேன்.

23-6-2006
அர்பாபுக்கு மூன்றாவது தடவை போன் செய்தேன். “இன்ஷா அல்லா, பார்க்கலாம்” என்றார். இன்ஷா அல்லாவில் நடக்கும் என்று ஒரு வகை உண்டு, நடக்காது என்று ஒரு வகை உண்டு. இது ‘போனை வை’ என்கிற வகை.

பக்கத்து அத்தர் கடை கௌஸ் முகம்மதுவிடம் சொன்னேன். கீழக்கரைக்காரர், எல்லாம் தெரிந்தவர். தெரியாததும் தெரியும்.

“அண்ணே, கைய வீசிக்கிட்டுப் போனா கைய வீசிக்கிட்டுத்தான் வரணும்.”

“காசு குடுக்கட்டா பாய்?”

“அல்லாவே! பெரிய குடும்பத்து ஆளுண்ணே அவரு. காசை நீட்டுனா அசிங்கப்பட்டுப் போயிருவாரு. பழைய துப்பாக்கின்னா அவருக்கு உசுரு. ஈசா கடையில ஒரு ரிவால்வர் தொங்குது பாத்தியளா? நம்ம சேதுராமன் சாருக்கும் போன வருசம் அறுபது முடிஞ்சுச்சு. தன் கஃபீலுக்கு ஒரு துப்பாக்கிதான் குடுத்தாரு. ரெண்டு வருசத்துக்கு வீசா அடிச்சுக் குடுத்துட்டாங்க.”

சேதுராமன் சார் கட்டட கம்பெனி ஒன்றில் கணக்கர். கால்சட்டைக்குக் கரை மடிக்க என்னிடம்தான் வருவார். துப்பாக்கி வாங்குகிற முகமாக எனக்குப் பட்டதில்லை. முன்பு ரசீதில் அவருக்குக் கண்ணாடி போட்ட ஒரு முகம் வரைவேன், இப்போது எழுத்தில் அவர் சேதுராமன். அந்த முகத்துக்குள் ஒரு துப்பாக்கியும் இருந்திருக்கிறது.

30-6-2006
வெள்ளி. பூசை முடிந்து ஹாஃபா சந்தைக்குப் போனேன். தூறல். கரீஃப் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. சாம்பிராணிப் புகைக்குள் ஈசாவின் கடை. இடுப்பில் செருகும் வளைந்த கத்திகள், வெள்ளி வளையங்கள், சுவரில் நீளத் துப்பாக்கிகள், ஓர் ஆணியில் அது.

ஈசா பலூச்சிக்காரர், இந்த நாட்டுக் குடிமகன். அவர் பேசும் இந்தியும் நான் பேசும் இந்தியும் ஒன்றுக்கொன்று நன்றாகப் புரியும். இந்திக்காரர்களுக்குத்தான் புரியாது.

“பாருங்க மாஸ்டர். நூத்திருபது வயசு. ஜான்சிபார் சுல்தானோட கப்பல்ல இருந்த வெள்ளைக்காரனோடது.”

போன மாதம் இன்னொருவரிடம் நூறு வயது என்று சொன்னதாகக் கேள்வி. துப்பாக்கிக்கு வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், ஆளுக்குக் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டும் விலைக்காகத்தான்.

கையில் வாங்கினேன். நல்ல கனம். ஆறு குண்டு போடும் உருளை. ஒவ்வொரு குண்டுக்கும் குதிரை என்கிற சின்னச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்காமல் விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. “சிங்கிள் ஆக்‌ஷன்” என்றார் ஈசா. நம் அர்பாப் மாதிரிதான், ஒவ்வொரு வேலைக்கும் யாராவது இழுத்துவிட வேண்டும்.

“எவ்வளவு?”

“உங்களுக்கு நானூறு ரியால்.”

1-7-2006
நானூறு ரியாலைத் திஷ்தாஷாவாக எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

7-7-2006
கௌஸ் பாய் இன்டர்நெட்டில் இருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வந்தார். பழைய ரிவால்வரை எப்படிச் சோதிப்பது என்று இருக்கிறதாம். இங்கிலீஷ். ஒரு பக்கம் வாசித்துவிட்டு ஒரு வரி தமிழில் சொன்னார்.

இரண்டு பேரும் டார்ச்சோடு ஈசா கடைக்குப் போனோம். குதிரையை மெல்ல இழுத்தால் நாலு தடவை ‘டிக்’ கேட்க வேண்டும். இழுத்தேன். மழை ஓட்டில் விழுந்து ஒன்றும் கேட்கவில்லை. மழை நிற்கும்வரை டீ குடித்தோம். பிறகு கேட்டது, நாலும். உருளை ஆடுகிறதா என்று பார்த்தேன், ஜாக்கெட்டில் பித்தான் ஆடுகிற அளவு. குழலுக்குள் வெள்ளைத் துணி விட்டு இழுத்தேன், துரு வந்தது. திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தன. பல பேர் கழற்றிப் பார்த்த சாமான்.

அப்புறம் எண்கள். எல்லா உறுப்பிலும் ஒரே எண் இருந்தால்தான் அசலாம். நானே வாசித்தேன். உடம்பில் ஒரு எண், குழலில் அதே எண், உருளையில் வேறு எண்!

“உருளை மாறின உருப்படி இது” என்றேன். கௌஸ் பாய்க்கு வாயெல்லாம் பல். “அண்ணே, பிடிச்சுட்டியளே!” ஈசா முகத்தில் ஈயாடவில்லை.

போன வாரம் எனக்கும் மெடிக்கல் நடந்தது. ரத்தம் எடுத்தான், நெஞ்சைப் படம் பிடித்தான், மூச்சை இழு என்றான், விடு என்றான். டீ கொடுக்கவில்லை.

14-7-2006
வெற்றி! மூன்று வெள்ளிக்கிழமை பேரம். உருளை எண் என்றேன், துரு என்றேன், திருகாணி என்றேன். கடையை விட்டு இரண்டு தடவை இறங்கிப் போனேன். நானூறு இருநூற்றுநாற்பதுக்கு வந்தது.

ஈசா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாஸ்டர், இவ்வளவு குறைக்காதீங்க. உங்களுக்கு நல்லதில்ல” என்றார். விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? எத்தனை துணி வியாபாரிகளிடம் இதைக் கேட்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக்காரன் பெயரில் துப்பாக்கிக்குச் சீட்டுக் கிடையாது. எனவே ஈசா பெயரிலிருந்து நேராக அர்பாப் பெயருக்கு மாறும். நடுவில் நான் ஒரு நிமிடம்கூட இல்லை. காசு மட்டும் என்னுடையது. துப்பாக்கிக்கும் கஃபீல் வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு யாரும் அறுபது வயதுக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஷாஜினி ஒரே கேள்வி கேட்டாள். “அப்பா, அது வெடிக்குமா?”

மூன்று வெள்ளிக்கிழமையில் அதை யாரும் கேட்கவில்லை.

22-7-2006
அர்பாப் வீட்டில் கொடுத்தாயிற்று. தூக்கி வந்தது ஈசா. வாங்கிக்கொண்டது அர்பாப். நடுவில் கும்பிட்டுக்கொண்டு நின்றது நான். அர்பாப் துணியைப் பிரித்ததும், “மாஷா அல்லா!” என்றார். ஏசியைக் குறிபார்த்தார். கதவைக் குறிபார்த்தார். மைத்துனர்கள் ஆளுக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். ஆட்டிறைச்சிச் சோறு போட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டுத் தரையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது இன்றுதான்.

“உன் விஷயம் கலாஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

5-8-2006
அர்பாப் லேபர் ஆபீசுக்கு நேரில் போனார். ஏசி சரியில்லை என்று அங்கே திட்டினாராம். வீசா கிடைத்தது.

ஒரு வருடம்.

ஒன்றா? சேதுராமன் சாருக்கு இரண்டு கொடுத்தார்களே. அவர் உட்கார்ந்து எழுதுகிற ஆள் என்பதாலா? நானும்தான் இப்போது எழுதுகிறேன். பரவாயில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

18-8-2006
எழுதக் கை ஓடவில்லை. டீ குடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஷாஜினிக்குச் சாம்பிராணி வாங்க ஹாஃபா போனேன். ஈசா கடை ஆணியில் தொங்குகிறது. அதேதான். அருகில் போய் உருளை எண்ணை வாசித்தேன். அதே எண்.

அர்பாப் வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தி போன போக்கைப் பார்.

“உக்காருங்க மாஸ்டர்” என்றார் ஈசா, சாவகாசமாக. “நாலே நாள். வந்து குடுத்துட்டுப் போயிட்டாரு.”

“ஏன், பிடிக்கலியா?”

“ரொம்பப் பிடிச்சுது. வித்த விலையில பாதி அவருக்கு. எப்பவும் அப்படித்தான்.”

“எப்பவுமா?”

“காசு வாங்குனா மரியாதை இல்ல மாஸ்டர். துப்பாக்கி வாங்குனா மரியாதை. துப்பாக்கியை எனக்கு வித்தா, அது வியாபாரம். நான்தான் அப்பவே சொன்னேனே, குறைக்காதீங்கன்னு. நீங்க குறைச்சது என் காசையா? அவரு காசை! நூத்திருபது கிடைச்சுது. நூத்திருபதுக்கு ஒரு வருஷம் கேட்டாரு. நியாயந்தானே?”

“அப்ப சேதுராமன் சார்?”

“நானூறு. ஒரு வார்த்தை பேசல. நல்ல மனுஷன்.”

“அவரு குடுத்ததும்…”

ஈசா ஆணியைத் தலையால் காட்டினார்.

படுபாவிகளா! டார்ச் அடிச்சேனே. துணி விட்டு இழுத்தேனே. மழை நிக்கட்டும்னு காத்துக் கிடந்தேனே, அந்த நாலு டிக்குக்காக. எந்தக் கழுதை என்னை அந்த எண்ணைப் பாக்கச் சொன்னான்? பேரம் பேசிப் பேசி என் ஆயுசில ஒரு வருசத்தை நானே வெட்டிட்டேன். நாப்பது வருசம் துணி வெட்டினவனுக்கு, அளவு எடுக்காம வெட்டக்கூடாதுன்னு தெரியாதா?

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பெங்காலி இடம் மாறி உட்கார்ந்தான்.

26-8-2006
சேதுராமன் சார் கால்சட்டை கரை மடிக்க வந்தார். துப்பாக்கி பற்றிக் கேட்டேன்.

“அது ஒரு ரேர் பீஸ், இன்பமணி. நெட்ல மூணு நாள் பார்த்துத்தான் கன்ஃபர்ம் பண்ணேன். மியூசியத்துலகூட அப்படி ஒண்ணு கிடையாது. என் கஃபீல் ஷேக் அதைக் கண்ணாடி அலமாரியில வச்சிருக்கார்.”

“பாத்தீங்களா சார்?”

“பார்க்கணுமா என்ன? அந்த மாதிரி பீஸை வேற எங்க வைப்பார்?”

கரையை அரை அங்குலம் கூடுதலாக மடித்துக் கொடுத்தேன். வயதானால் எல்லோரும் கொஞ்சம் குட்டையாகிறோம்.

3-9-2006
கௌஸ் பாயிடம் எல்லாம் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும்ணே” என்றார்.

11-2-2007
எழுத நேரமில்லை. பெருநாள், கல்யாணம், பெருநாள். கை நிறைய வேலை.

17-8-2007
வீசா தேதி நெருங்குகிறது. ஈசா கடைக்குப் போனேன். ஆணியில் இருந்தது. இந்த வருடம் யாரோ வெள்ளிச் சங்கிலி கோத்திருக்கிறார்கள்.

“எவ்வளவு?”

“நானூத்தம்பது.”

“போன வருசம் நானூறுதானே?”

“ஒரு வயசு கூடியிருக்கே மாஸ்டர். பழசாக ஆகத்தான் விலை.”

எனக்கும்தான் ஒரு வயது கூடியிருக்கிறது. அதைச் சொல்லவில்லை. ரியாலை எண்ணி மேசையில் வைத்தேன். ஈசா எடுக்கவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

“என்ன மாஸ்டர் இது, பாக்காமலா வாங்குவாங்க? ஒரு தடவையாவது இழுத்துப் பாருங்க. வாங்குறதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல.”

இழுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். அதன் பிறகுதான் பணத்தைத் தொட்டார். டீ சொன்னார்.

25-8-2007
ஷாஜினி இன்று டியூட்டிக்குப் போகும்முன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். “ரெண்டு வருசமாப்பா?” என்றாள். கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. “அப்ப இனி இங்கிலீஷ் எழுத்தும் படிச்சிருங்க” என்று மேசையில் ஒரு புது நோட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

கொடுத்தது திங்கட்கிழமை. அன்றைக்கும் ஆட்டிறைச்சிச் சோறு. அன்றைக்கும் ஈசா தூக்கி வந்தார். முசல்லம் அர்பாப் துணியைப் பிரித்தார். கண் விரிந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைத்துனர்களைக் கூப்பிட்டார். “மாஷா அல்லா! இப்படி ஒன்றை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்கே பிடித்தாய் இதை?” என்றார்.

ஈசா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்பத் தேடினேன் அர்பாப்” என்றேன்.