ஈரத் துண்டு

செஞ்சி
12-5-66

ரஞ்சிதத்துக்கு,

உன் தம்பி அவலூர்பேட்டையிலிருந்து வந்து பையைக் குடுத்தான். நீயும் புள்ளையும் நல்லா இருக்கீங்கன்னான்.

இங்க தண்ணித் தொட்டி வேலை அப்படியேதான் இருக்குது. பிளீச்சிங் பவுடரைக் கையாலதான் கரைக்கிறேன். மூக்குக்கு உறை கேட்டா, ஈரத் துண்டு கட்டிக்கோன்றாரு ஓவர்சியர், ரூமுல உக்காந்துக்கினு.

மோந்து பார்த்தே அளவு சொல்லுவேன்னு பெருமையடிச்சுக்குவேனே, போன வாரம் பவுடர் அதிகமாயிடுச்சு. வாயில வைக்க முடியலேன்னு ஊரே குடத்தோட வந்துடுச்சு. இப்ப வாட்ச்மேன் துரைக்கண்ணு மோந்து பார்த்துச் சொன்னப்புறம்தான் தண்ணியைத் திறக்கிறேன். உங்க நைனாகிட்ட இதைச் சொல்லாத.

புள்ள வாசனை இருக்கட்டும்னு அவன் துணியைத் துவைக்காமலே குடுத்தனுப்பியிருக்கே. ரொம்ப நேரம் முகத்துல வெச்சுக்கினு உக்காந்திருந்தேன்.

அந்த வாசனை எப்படி இருக்குதுன்னு கொஞ்சம் எழுது.

உன் வீட்டுக்காரன்