கோட்டைத் தாண்டிய நீலம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், கோபத்தைத் தவிர.

எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று பதறாதே. இடது கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன்.

நேற்று வீட்டுக்காரர் வந்து, "மாசக் கடைசில காலி பண்றீங்களாமே, பொண்ணு போன் பண்ணுச்சு, வந்து கூட்டிட்டுப் போக டிக்கெட்டும் எடுத்தாச்சாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடியிருப்பவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? வந்து தூக்கிக்கொண்டு போக நான் என்ன மூட்டை முடிச்சா? "நான் எங்கயும் போகலை, அவ அவசரப்பட்டுச் சொல்லிட்டா" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

எல்லாம் உனக்கு அனுப்பிய பிறந்தநாள் அட்டையால் வந்த வினை. வழக்கம்போல ரப்பர் அச்சை மையில் ஒற்றி, குருவியைப் பதித்து, மை காய்ந்த பிறகுதான் வண்ணம் தீட்டினேன். இறக்கை ஓரத்தில் வலது கை உதறி, நீலம் கோட்டைத் தாண்டி வயிறு வரைக்கும் ஓடிவிட்டது. அதைப் பார்த்ததும் 'அம்மாவால் இனி தனியாக இருக்க முடியாது' என்று முடிவு கட்டிவிட்டாய்.

கை நடுங்குகிறதுதான். படுக்கையில் விழுந்து எழுந்த பிறகு பழைய கை இல்லை. ஆனால் இடது கை இத்தனை வருடமும் சும்மாதானே இருந்தது? அதற்கு வேலை கொடுத்தேன். முதலில் தீட்டிய ரோஜாவைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா இது, பூசணிக்காயா?" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது பரவாயில்லை. ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, உள்ளே வர வர வெளிறச் செய்ய வருகிறது. இறக்கை கெட்டுப்போனால் என்ன செய்கிறேன் தெரியுமா? அதே குருவியை வேறு தாளில் பதித்து, தீட்டி, இறக்கையை மட்டும் வெட்டி, அடியில் தடித்த ஒட்டுநாடாத் துண்டு வைத்துக் கெட்ட இடத்தின் மேல் ஒட்டிவிடுவேன். குருவி பறக்கப் போவது போல நிற்கும். "இந்த எம்பி நிக்கிற குருவிக்குத்தான் கிராக்கி, இன்னும் குடுங்க" என்கிறார் என் அட்டைகளை வாங்கி விற்கும் கடைக்காரர். பாவம், அவருக்கென்ன தெரியும்!

உன் அட்டையிலும் அப்படி மூடியிருக்கலாம். ஊருக்கு மறைக்கலாம், பெற்ற பெண்ணிடம் எதற்கு என்று அப்படியே அனுப்பினேன். நீ அதையே சாட்சியாக வைத்து எனக்கு எதிராக வழக்கு ஜோடித்துவிட்டாய். அதுதான் எனக்கு வலித்தது.

தனியாக இருக்கப் பயமாக இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது. குளிக்கும்போது இப்போதெல்லாம் கதவைத் தாழ் போடுவதில்லை. எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். பயந்தாலும் என் வீட்டில் இருந்துகொண்டே பயப்படுகிறேன். உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, "அம்மா அதைத் தொடாதே, இதைத் தூக்காதே" என்று நாள் முழுக்கக் கேட்க என்னால் ஆகாதடி.

இதனுடன் இன்னொரு குருவி வைத்திருக்கிறேன். முழுக்க இடது கையால் தீட்டியது. இதிலும் வால் பக்கம் நீலம் கொஞ்சம் வெளியே போயிருக்கிறது. இதையும் நான் மூடவில்லை. உனக்கு நான் அனுப்புவது எப்போதும் இப்படித்தான் வரும். பார்த்துப் பழகிக்கொள்.

நீ இங்கே வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. எனக்கென்று எடுத்ததை மட்டும் ரத்து செய். அழைத்துப்போக வராதே, பார்க்க வா. தீட்டுவதற்கு என் கை போதும். அச்சை ஆடாமல் அழுத்திப் பிடிக்கத்தான் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தால் நன்றாக இருக்கும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

எங்கேயும் போகாத,
உன் அம்மா