எதிர்ப்பவருக்கே முதல் பேச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊரே தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பகலில் கை ஒழியவில்லை. உன் முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா என்னைத் தேடி அழாமல் ராத்திரியில் தூங்குகிறாளா?

நேற்றைய கூட்டத்தில் ரகளை என்று செய்தியில் பார்த்திருப்பாய். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜனநாயகம், தேசப்பற்று என்று எழுதுகிறாரே, நான் தட்டச்சு செய்து கொடுக்கிறேனே, அந்தப் பேராசிரியரின் புத்தக வெளியீடு அது. நாட்டின் தப்பைச் சொல்வதும் நாட்டுப்பற்றுதான் என்று எழுதியதற்காகச் சிலர் கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். எனக்குப் பாப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது.

பேராசிரியரின் கூட்டங்களில் எதிர்ப்பவருக்கே முதல் பேச்சு. முன்னால் வந்தவரிடம் மைக்கை நீட்டினார்.

“வாங்க தம்பி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி திட்டுங்க.”

“என் அண்ணன் எல்லையில நிக்கிறான். நீங்க இங்க உக்காந்து குறை சொல்றீங்களா?”

“உங்க அண்ணன் ஷூ கிழிஞ்சா யார் கேக்கணும்?”

“நாமதான் கேக்கணும்.”

“அதைத்தானே முந்நூறு பக்கத்துக்கு எழுதியிருக்கேன்!”

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அந்த இளைஞர் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் உட்கார்ந்து கடைசிவரை வாதாடினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பாப்பாவுக்குக் கவுன் பார்த்து வைத்திருக்கிறேன். தோளிலிருந்து முழங்கால்வரை நூலால் அளந்து, அந்த நூலையே அனுப்பு. வெறும் எண்ணை எழுதி அனுப்பாதே, அளவு தப்பிவிடும்.

வேலையை விட்டுவிட்டு வா என்று மட்டும் சொல்லாதே அம்மா. பயந்தேன்தான், ஆனாலும் இங்கே இருக்கவே விரும்புகிறேன். நீ சரி என்றால்தான் மனசு ஆறும். சீக்கிரம் பதில் போடு.

உன் மகள்