தங்கையின் சலவைக்கடைக்கு வணிகக் கட்டணம்

மார்ச் 3
நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் இன்று ஒரு பற்றாக்குறைப் பள்ளம் கண்டேன். நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஊர் ஆண்டுக்கு நாலாயிரம் வீடுகளைப் பெற்றுப் போடுகிறது. குழாய்கள் மட்டும் ஆதாம் காலத்தவை. பள்ளத்தை அடைக்காவிட்டால் கிழக்குப் பகுதிக்குக் குழாய் கிடையாது, லாரித் தண்ணீர்தான். அடைக்கப் பிறந்த ஒரே பிறவி, நிதி அலுவலராகிய நான்!

மார்ச் 5
கண்டேன் தீர்வு: தண்ணீர்க் கட்டணத்தில் வீடுகளுக்குப் பத்து சதவீத உயர்வு, கடைகளுக்கு இரண்டு மடங்கு. யாருக்கும் விலக்கில்லை.

மார்ச் 9
பொதுமக்கள் கருத்துக் கேட்பு. மக்கள் வந்தார்கள், கருத்து வரவில்லை, வசவுதான் வந்தது. சலூன்காரர் பில்லை மேசையில் அறைந்தார். "தலைக்குத் தண்ணி தெளிக்கவும் ரெண்டு மடங்கா? இனிமே உங்களுக்கு வறண்ட தலையிலதான் கத்தரி, சார்!"

எனக்கு வழுக்கை. மன்னித்தேன்.

பிறகு எதிர்க்கட்சி உறுப்பினர் அம்மா எழுந்தார். "சார் வீட்டுக் கீழ்த்தளத்துல எட்டு மெஷின் ஓடுதே, சலவைக்கடை. அது மட்டும் ஏன் வீட்டு இணைப்பு?"

மண்டபம் சிரித்த சிரிப்பில் நாலு மின்விசிறி நின்றது.

என் தங்கையின் கடை. ஆறு வருடம் முன்பு விண்ணப்பத்தில் 'குடியிருப்பு' என்று டிக் அடித்தது இந்தக் கைதான். அப்போது ஒரே மெஷின். மெஷின்கள் பெருகின, டிக் அப்படியே இருந்தது. மறந்துட்டேனா? இல்ல. மறக்க வசதியா இருந்துச்சு.

மார்ச் 10
இனி கடைக்கு வணிகக் கட்டணம் என்று தங்கையிடம் சொன்னேன்.

"ரெண்டு மடங்கு கட்டினா, வேலை பாக்குற ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்திய அனுப்பணும். தெரியுமா?"

தெரியும்.

"உன் பள்ளத்த மூட என் வயித்துல மண்ணள்ளுறியே, நீ அண்ணனா, மீட்டரா?"

மீட்டர் மாடியேறிப் போனது.

மார்ச் 11
'சிறு சலவைக்கடைகளுக்கு ஓராண்டு விலக்கு.' ஒரே வரி. எழுதினேன். சலூன்காரர் முகம் தாளில் வந்து உட்கார்ந்தது. கிழித்தேன் — இமயத்தைப் பெயர்ப்பது இதைவிட எளிது.

மார்ச் 14
கீழ்த்தள இணைப்பை வணிகமாக மாற்றும் உத்தரவில் நானே கையெழுத்திட்டேன். ஆறு வருடக் கட்டண வித்தியாசத்தை என் சம்பளத்தில் பிடிக்க எழுதிக் கொடுத்தேன். மன்றத்தில் திட்டம் ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றுப் பிழைத்தது. அந்த அம்மா எதிர்த்தே வாக்களித்தார், மகராசி.

மே 2
கிழக்குப் பகுதியில் குழாய் இறங்குகிறது. கீழே இரண்டு மெஷின்களை விற்றாகிவிட்டது; ஒரு பெண் வேலைக்கு வருவதில்லை.

இணைப்பு என் பெயரில் இருப்பதால், காலையில் தங்கை மாடியேறி வந்து தண்ணீர்க் கட்டணத்தை என் கையில் வைத்தாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க, சார்."

எண்ணினேன். சரியாக இருந்தது.