அப்பாவின் துப்பாக்கி அலமாரி

அன்பு மகன் டேரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தை ஹேட்டியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. அப்பாவுக்கு இப்போது சூப்கூட இறங்குவதில்லை. நாள் அதிகமில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் வழியிலேயே போய்விடுவார் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கேட்டபடி வக்கீல் அம்மாளைப் பார்த்தேன். பதினைந்து வயதில் இங்கே பக்கத்துப் பண்ணைக் கொட்டகையை உடைத்துப் பனிவண்டியை எடுத்து ஓட்டினாயே, அதை உங்கள் டகோட்டா மாநிலத்தில் சின்னப்பிள்ளை செய்ததென்று விட்டுவிட்டார்களாம். அதனால்தான் அங்கே உனக்குத் துப்பாக்கி அனுமதி கிடைத்தது. இங்கே மினசோட்டாவில் அதற்காக நீ துப்பாக்கியைத் தொடவே ஆயுசுக்கும் தடையாம். போன வருஷம் மான் வேட்டையில் வனக்காவலர் உன்னை எச்சரித்து விட்டது அப்பா முகத்துக்காக. இன்னொரு தடவை விடமாட்டாராம். துப்பாக்கி உள்ள வீட்டில் நீ இருந்தாலே வழக்குப் போட இடமிருக்கிறதாம். முதலில் அவற்றை வெளியேற்றுங்கள், பிறகு பையனைக் கூப்பிடுங்கள் என்றாள்.

அலமாரி அப்பாவின் கட்டிலுக்கு நேரெதிரே இருக்கிறது. சித்தப்பா ஆர்னி வண்டியோடு வந்து நின்றார். அப்பா சாவியைத் தரமாட்டேன் என்றுவிட்டார். நீ வந்து பார்த்துவிட்டுப் போனதும் திருப்பி வைத்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"அன்னிக்கு ஜட்ஜே அவன் கையப் புடிச்சுக் குலுக்கி, இத்தோட முடிஞ்சுது தம்பின்னாரு, ஆர்லிஸ். இப்ப இதத் தூக்கிட்டுப் போனா, என் புள்ள திருடன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன்தான், ஆனால் திட்ட மனம் வரவில்லை. உன்மேல் வைத்த பாசமே உனக்குக் குறுக்கே நிற்கிறது. தூங்கும்போது எடுத்துவிடலாம் என்கிறார் ஆர்னி. கண் விழித்து வெறும் அலமாரியைப் பார்த்தால் அந்த நிமிஷமே போய்விடுவார். என்னால் முடியாது, டேரின்.

வக்கீல் சொன்னதை அவர் நம்பவே இல்லை; நீ ஏன் வரவில்லை என்று தினமும் கேட்கிறார். அதையே திரும்பச் சொல்லி அழவைக்க மனமில்லாமல், சாலையெல்லாம் பனி என்கிறேன். ஜன்னலைப் பார்த்துவிட்டு, எங்கே பனி என்கிறார். உனக்குத் தன்மேல் ஏதாவது கோபமா என்று நேற்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

துணிந்து வந்துவிடாதே. ஹேட்டிக்கு அப்பா வேண்டும். அவரை மண்ணுக்கும் உன்னைச் சிறைக்கும் அனுப்பிவிட்டு நான் யாருக்காகச் சமைப்பது?

பாதிரியாரிடம் பேசிவிட்டேன். சவப்பெட்டியை மூடாமல் வைப்பார்கள். எங்கள் தேவாலயத்துக்குள் துப்பாக்கி கிடையாது. அங்கே வா, மகனே. அப்பா பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீ உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஆர்லிஸ்