சந்தையில் நின்றவன்

ராஜகீழ்ப்பாக்கம்,
டிசம்பர் 10

அன்பு மகள் ஷீலாவுக்கு,

அந்த ஊர்க் குளிரில் கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அப்பா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். என்ன செய்வது? வீட்டிலிருக்கும் இரண்டு செல்போனும் உன் அம்மா கையில்தான். நான் எதை அனுப்பினாலும் படித்துவிடுவாள்.

இங்கே மழை விட்டபாடில்லை. மாடம்பாக்கம் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் சந்தை என்று ஒரு வீடியோ அனுப்பினாயே, அதில் நட்சத்திரம் விற்கிற கடை ஓரமாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நீ கவனித்திருக்க மாட்டாய். அது நம் பிரிட்டோதான் என்கிறாள் உன் அம்மா. எழுந்ததும் அதைத்தான் போட்டுப் பார்க்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரிவதில்லை.

உன் தம்பியைப் புதைத்து இன்னும் வருடம் திரும்பவில்லை. விபத்தில் முகம் அப்படி ஆகிவிட்டதே என்று பெட்டியைத் திறக்க விடாமல் எல்லோரும் தடுத்துவிட்டார்கள். உன்னாலும் வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தவன் நான் ஒருவன்தான். கண்ணால் காணாததைப் பெற்றவள் எப்படி நம்புவாள், சொல்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்ட மாட்டோம், குடில் வைக்க மாட்டோம். உனக்குத் தெரியாததா? சனிக்கிழமை நான் குரோம்பேட்டை போய்த் திரும்புவதற்குள் வாசலில் பெரிய ஸ்டார் எரிகிறது! எதிர்வீட்டுத் தசரதன் என்னை நிறுத்தி, இன்னா அப்பாதுரை, வருசமே திரும்பல, வூட்டு வாசல்ல ஸ்டார் தொங்கினுகீது என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்று சாயங்காலமே கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். துக்க வீடென்றால் கேட்டுக்கு வெளியே நின்று ஜெபம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஸ்டாரைப் பார்த்ததும் டிரம் அடித்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அம்மா எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். கூட வந்த ரோஸி, எப்படி இருக்கீங்கக்கா என்று மெதுவாகக் கேட்டாள். இவளோ, எங்களுக்கென்னம்மா, பிரிட்டோ அவங்க அக்கா கூட ஃபாரின்ல இருக்கான், குளிருதான் அவனுக்கு ஒத்துக்கல என்றாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அவர்கள் போனதும் ஸ்டாரைக் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறினேன். கை வரவில்லை, ஷீலா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் குளிக்கப் போகும் நேரம் நானும் அந்த வீடியோவைப் பார்க்கிறேன். அவன் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கெண்டைக்காலில் தேய்க்கிறானம்மா. கொசு கடித்தால் நம் பிரிட்டோ செய்வானே, அப்படியே. அந்தக் குளிரில் கொசு ஏது?

முதல் பிடி மண் போட்டவன் நான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் பயமாக இருக்கிறது. அவன் அங்கே தனியாக நிற்கிறானோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கூரியரில் அனுப்புகிறேன். சந்தை முடிவதற்குள் கிடைத்துவிடும் என்றார்கள். ஒரே ஒரு தடவை அந்தக் கடைப் பக்கம் போய் நில்லம்மா. இருந்தான் என்றால் எதுவும் கேட்காதே. சூடாக ஏதாவது வாங்கிக் கொடு, மெல்லிய சட்டைதான் போட்டிருக்கிறான். இல்லையென்றால் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். என்னிடமும் சொல்ல வேண்டாம்.

மாதா என் பிள்ளைகள் இருவரையும் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
அப்பாதுரை